மூன்றாம் மணி எழுதிய விமர்சனம்

நாடகம் நன்றாகத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சார். அன்று மாலை காந்திநகர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் கடைசி மங்களப் பாட்டு முடியும்வரை எழுந்து போகவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனாலும் குடை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

கன்னடத்திலேயே சொல்லுங்கள் என்றீர்கள். பேசச் சொன்னால் பேசிவிடுவேன். எழுத உட்கார்ந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று சொல்லிக் காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள், நன்றி. மின்விசிறியை நிறுத்தச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். காகிதம் படபடத்துக்கொண்டே இருந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். கான்ஸ்டபிள் பசவராஜ் பாவம், ஒவ்வொரு முறையும் அவரும் கூடவே எழுந்து நிற்கிறார்.

என் பெயர் கொர்னேலியஸ். வயது அறுபத்து மூன்று. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். அதைவிட மூன்று வருஷம் கூடுதலாக எங்கள் நாடக சபாவில் பிராம்ப்டராக இருக்கிறேன். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியையும் ஒரு சின்ன டார்ச்சையும் வைத்துக்கொண்டு நிற்பேன். நடிகர்களுக்கு வசனம் மறந்தால், அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். நன்றாகச் செய்தால், அப்படி ஒருவர் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியாது.

நாடகத்தின் பெயர் 'தேன்மலைக் குமாரி'. நாற்பத்திரண்டு பாட்டுகள் கொண்ட பழைய இசை நாடகம். எங்கள் சபாவில் அதைக் கடைசியாகப் போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷம் அனுப்ரியா என்ற பெண் அதை மறுபடி மேடையேற்றினாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. பாட்டுகளைப் பதினெட்டாகக் குறைத்தாள். ராஜகுமாரியாக முன்பு பாடிய பஞ்சவர்ணமே இப்போதும் பாடினாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வேறு யாருக்கும் அந்தப் பாட்டுகள் வராது.

நாடகத்தன்று ஒரு அட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் எல்லோருடைய பெயரும் இருந்தது. ஒப்பனை, விளக்கு, தேநீர் போட்டுக் கொடுத்த கவின்ராஜ்கூட இருந்தான். பிராம்ப்டர் பெயர் இல்லை. அனுப்ரியா ஓடி வந்து, "ஐயோ அங்கிள், கடைசி நிமிஷத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. சாரி அங்கிள்," என்றாள். காலையிலிருந்து அந்தப் பெண் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "பரவாயில்லம்மா" என்று சொல்லி, நானே போய் அவளுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். சின்னச் சின்ன உதவிகள்தான் உலகத்தைத் தாங்கி நிற்கின்றன என்று நம்புகிறவன் நான்.

அந்த அட்டைக்கும் விமர்சனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொண்டால் நல்லது.

விமர்சனத்தை நாடகம் நடந்து மூன்றாம் நாள், காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதினேன். ஒரே உட்காரலில் வந்துவிட்டது. 'மூன்றாம் மணி' என்ற பெயரில் முகநூலில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி அதில் போட்டேன். மூன்றாவது மணி அடித்தால்தானே திரை விலகும், அதனால் அந்தப் பெயர். யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை. நாடகத்தின்மேல் இருந்த அக்கறையில் எழுதியது. வேண்டுமானால் சில வரிகள் தருகிறேன்.

"இரண்டாம் காட்சியில் ராஜகுமாரி குதிரையேறித் தப்பி ஓட வேண்டும். முழங்கால் சம்மதிக்கவில்லை. குதிரை மட்டும் தப்பி ஓடியது."

"அரசருக்கு ஒட்டியிருந்த தாடி அரசரைவிட நன்றாக நடித்தது. அடுத்த முறை தாடிக்கே பட்டம் கட்டலாம்."

"ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த குமாரி, அரண்மனையை விட்டுக் காட்டுக்குப் போனதும் நாலு கட்டைக்கு இறங்கிவிட்டார். வனவாசம் போகிறவர்கள் சாமான்களைக் குறைத்துக்கொள்வது வழக்கம்தானே."

ஹார்மோனியத்தை மட்டும் நான் கேலி செய்யவில்லை. "அன்று மேடையில் வயதாகாமல் இருந்தது ஹார்மோனியம் ஒன்றுதான்" என்று எழுதினேன். வாசித்தவர் சென்னப்பன். முப்பது வருஷ நண்பர். அது நான் அவருக்குச் செய்த மரியாதை. 'நாயகி பதினோரு இடத்தில் வசனம் மறந்தார், திரைமறைவில் இருந்து ஒரு குரல் பதினோரு முறையும் அவரைக் காப்பாற்றியது' என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். தற்பெருமையாக இருக்கிறது என்று தோன்றி அதை அழித்துவிட்டேன்.

கட்டை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டை என்றால் பாடுகிறவரின் சுருதி. வயது ஏற ஏறக் கட்டை இறங்கும். நாயகியாகப் பாடுகிறவருக்கு அது பெரிய அவமானம். அதனால் எங்கள் சபாவில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஹார்மோனியக்காரரும் பாடகியும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொள்வார்கள். விரல்களை அழுத்தி, இன்றைக்கு எத்தனை கட்டை என்று பேசி முடித்துவிடுவார்கள். மூன்றாம் பேருக்குத் தெரியாது.

அன்றைக்கு முதல் அங்கம் முடிந்ததும் பஞ்சவர்ணத்தின் தொண்டை விட்டுவிட்டது. இடைவேளையில் இருவரும் துண்டுக்கு அடியில் பேசி ஒரு கட்டை குறைத்தார்கள். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் கோமாளிக் காட்சி. அதில் சபையோர் சிரித்து முடித்துப் பழைய சுருதியை மறந்துவிடுவார்கள் என்பது சென்னப்பனின் யோசனை. யாருக்கும் தெரியவில்லை. சுருதிப் பெட்டியின் முள்ளைத் திருப்புவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. பெட்டியில் இருக்கும் சின்ன எண்கள் அவருக்குத் தெரியாது. பஞ்சவர்ணம் எதிர்ப்பக்கத்தில் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் திரைப்பக்கம் சாய்ந்து என்னிடம், "தம்பி, நாலுக்குத் திருப்பிப்போடு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்து நான்தான் திருப்பினேன்.

சபாவுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. இருநூற்றுச் சொச்சம் பேர். நானும் அனுப்ரியாவும் அதை நடத்துகிறோம். மோலி டீச்சர்தான் விமர்சனத்தை அதில் கொண்டுவந்து போட்டார்கள். "யாரோ மகராசன் நல்லா எழுதியிருக்கான். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்று கூட ஒரு வரி.

அரசராக நடித்த மதனுக்குக் கோபம். அவன் ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறான். "என் தாடிக்கு என்ன குறைச்சல் குரு?" என்று கன்னடப் பாணியில் கேட்டான்.

"தாடிக்கு ஒரு குறையும் இல்லைன்னுதானேப்பா எழுதியிருக்கு," என்றார்கள் மோலி டீச்சர்.

"டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?"

"நான் குதிரை பக்கம்."

அப்படியே இரண்டு நாள் ஓடியது. பழைய நாடகத்தை இப்படிக் கேலி செய்யலாமா, கூடாதா. பஞ்சவர்ணத்தைப் போல இன்னொருத்தி பிறந்து வர வேண்டும் என்றார் ஒருவர். பிறந்தால் முட்டியோடு பிறக்கட்டும் என்றார் இன்னொருவர். விமர்சனம் எழுதியவனுக்கு எழுத்து வருகிறது, இதயம் இல்லை என்றார்கள். இதயமே இல்லாதவனால் இப்படி எழுத முடியாது என்று வேறொருவர் சண்டைக்குப் போனார். நான் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே வாசித்தேன். உட்கார்ந்து வாசிக்க முடியவில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் பத்து முறை எடுத்துப் பார்ப்பேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒன்றைப் பற்றி இத்தனை பேர் பேசியது அதுதான் முதல்முறை. என்னைச் சிரிப்புக் காட்டத் தெரிந்தவன் என்று யாரும் ஒருநாளும் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் சண்டை முற்றியது. "எழுதினவன் யார்னு தெரியாம சும்மா விடமாட்டேன்" என்று மதன் எழுதினான். குழுவை நடத்துகிறவன் என்ற முறையில் நான் ஒரு செய்தி போட்டேன். அதை அப்படியே தருகிறேன்: "அன்பு நெஞ்சங்களே, யாரையும் சந்தேகிக்க வேண்டாம். கட்டை குறைத்ததை அறிந்த ஒருவர், நம்மோடு மேடையில் அமர்ந்த ஒருவராகவே இருந்தாலும், அவரை மன்னிப்போம்."

அதுவரை அந்தக் கட்டை வரியை யாரும் கவனிக்கவில்லை. சண்டையை அமைதிப்படுத்தத்தான் நான் எழுதினேன்.

அரை மணி நேரம் எல்லோரும் அந்த வரியைத் தேடி எடுத்து வாசித்திருக்க வேண்டும். பிறகு பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. எழுதவில்லை, பேசி அனுப்பியிருந்தாள். "கட்டை குறைச்சது எனக்கும் சென்னப்பண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். துண்டுக்கு அடியில பேசினது அது. எங்கூடப் பிறந்தவர் மாதிரி நினைச்சேன்." அதற்குமேல் அழுகைதான் இருந்தது.

ஹார்மோனியத்தை மட்டும் புகழ்ந்திருப்பதையும் யாரோ எடுத்துக் காட்டினார்கள். "கண்ணு தெரியாதுன்னு சொல்றவருக்கு அடுத்தவங்க முட்டி மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்று மதன் எழுதினான். அவருக்கு எழுதவே முடியாதே என்று மோலி டீச்சர் கேட்டதற்கு, "வாயால சொன்னா போன் எழுதிக்கும் டீச்சர். என் கடைக்கு வாங்க, காட்டறேன்," என்றான். மறுநாள் பஞ்சவர்ணம், அவர் வாசித்தால் நான் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த நாடகம் கௌதள்ளியில், மாரியம்மன் பண்டிகைக்கு. சென்னப்பனின் சொந்த ஊர் அது. அவருடைய தங்கை அங்கேதான் இருக்கிறாள். ஊர்க்காரர்களுக்கு முன்னால் அவர் இதுவரை வாசித்ததேயில்லை. யார் வாசிப்பது என்பதை மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வதாக அனுப்ரியா அறிவித்தாள்.

சென்னப்பனுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. என்.ஆர். மொகல்லாவில் தேவம்மா என்கிற அம்மாள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும். கண் ஆபரேஷனுக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர்கள் தள்ளிக்கொண்டே போனார்கள். இரண்டு வருஷமாகக் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நான் போய் ஊசி போடுகிறேன். காலையில் இட்லி வாங்கிக்கொண்டு போவேன். ஊசி போட்ட பிறகு அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மழை, காய்ச்சல், கிறிஸ்துமஸ் எதுவும் கிடையாது. இதைச் சபாவில் யாரிடமும் நான் சொல்லிக்கொண்டதில்லை. தேவம்மா சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மூன்று வாரமும் நான் ஒருநாள்கூடத் தவறவில்லை. மற்றவர்கள் அவர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். நான் ஒருவன்தான் போனேன். இதை அவர் தங்கையிடம் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

"குழுவுல என்ன எழுதறாங்க, வாசி தம்பி" என்று கேட்பார். வாசிப்பேன். கடுமையான சொற்களை விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் நோயாளியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு, "நா எழுதலீன்னு ஒருக்கா போட்டுரு" என்றார். போட்டேன். யாரும் நம்பவில்லை. மறுபடி போடச் சொல்லி அவர் கேட்கவில்லை.

ஒருநாள் விமர்சனத்தையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாடி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். "அட, அந்தப் பய நல்லாத்தான் எழுதியிருக்கறான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மதனோ மோலி டீச்சரோ சொன்னதைவிட அவர் சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேட்டார். அன்றைக்கும் வாசித்தேன். மூன்றாவது முறையும். நான் வாசிக்கும்போது அவர் தலையைச் சாய்த்து, சுருதி பார்க்கிறவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் அப்போது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மாலை, ஊசி போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, முப்பது வருசமா உன்ற குரலக் கேட்டுக்கிட்டிருக்கறேன். ஆரு எழுதுனத வாசிச்சாலும் நீ ஒரே மாதிரித்தான் வாசிப்பே. ஏத்தமும் இருக்காது, எறக்கமும் இருக்காது. இதை மட்டும் ருசிச்சு வாசிக்கறே."

நான் மற்றக் கையால் ஊசியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"பெட்டியத் திருப்புனது நீதான? கட்டை வரிய நீ வாசிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அண்ணே, கோபமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல வந்துச்சு. அப்பறம் பாத்தா, நீ ஒருத்தன்தான் வந்துக்கிட்டிருக்கறே. எங்க கோபப்படறது?" சிரித்தார். "நாளைக்கு மீட்டிங்குல சொல்லிப்போடு. நானும் வாரேன், உன்ற பக்கத்துல நிக்கறேன். பஞ்சவர்ணம் நல்ல புள்ள. ரெண்டு நாளைக்குத் திட்டும், மூணாம் நாள் சோறு போட்டுரும். எனக்கு ஊர்ல ஒருக்கா வாசிக்கோணும், அவ்வளவுதான்."

"நான் சொல்லலைன்னா?"

"சொல்லுவே. நீ நல்லவன்."

கண் தெரியாதவருக்கு அவ்வளவு இறுக்கமான பிடி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து வீட்டுக்கு நேராகப் போகவில்லை. மார்க்கெட் பக்கம் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். நிற்கிற இடத்தில் எல்லாம் யாராவது தெரிந்தவர் வந்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். நான் ஊசி போட்டவர்கள், நான் கட்டுப் போட்டவர்கள். என்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை, சார். அந்த மனிதர்களைத்தான் யோசித்தேன். தன்னலம் பார்க்காத ஒரு மனிதர் நம் நடுவில் இருக்கிறார் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பார்த்து நாலு பேர் நல்லது செய்கிறார்கள். கூட்டத்தில் நான் எழுந்து அந்த ஒரு வரியைச் சொன்னால் அது அத்தனையும் போய்விடும். ஒருவருடைய பெயர் மூன்று வாரம் கெட்டிருப்பதையும் இதையும் எடை போட்டுப் பார்த்தேன். நிதானமாகத்தான் பார்த்தேன்.

அவருடைய கஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்தேன். கண் போய்க்கொண்டிருந்தது, தனியாக இருந்தார், காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களின் கடைசி வருஷங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வழக்கம்போலப் போனேன். அவர் அதற்குள் குளித்துவிட்டு, கூட்டத்துக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைத் தானே தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்தார். "இட்லி வாசத்தக் காணமே" என்றார். கடை இன்னும் திறக்கவில்லை, பத்து நிமிஷத்தில் கொண்டுவருகிறேன் என்றேன். காலைக்கு உரியதையும் மாலைக்கு உரியதையும், அதற்கு மேலும் கொஞ்சம், சேர்த்துப் போட்டேன். அவருக்கு வலிக்கவில்லை. என் ஊசி வலிக்காது என்பார்கள்.

மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளத் தலைமாட்டில் முக்காலிமேல் ஒரு டப்பாவில் கற்கண்டு வைத்திருப்பார். டப்பாவில் எறும்பு ஏறியிருந்தது. கழுவிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். அவர் போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் சமையலறையில் சொருகி வைத்தேன். ஜன்னல் வெயில் அவர் முகத்தில் அடித்தது, திரையை இழுத்துவிட்டேன். "கொஞ்ச நேரம் படுத்திருங்கண்ணே, கூட்டம் பதினொரு மணிக்குத்தான்," என்றேன். "மறந்துறாத, வந்து கூட்டிக்கிட்டுப் போ," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த தேவம்மா, "திண்டி ஆயித்தா சார்?" என்று கேட்டாள். காலைச் சாப்பாடு ஆயிற்று என்று சொன்னேன்.

பிறகு பூசைக்குப் போனேன். மன்றாட்டு நேரத்தில் அவருக்காகப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன். பூசை முடிவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்தேன். வெறும் வயிறு என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு அனுப்ரியா வீட்டு மாடியில் கூட்டம். முப்பது பேர் இருக்கலாம். பஞ்சவர்ணம் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். "சென்னப்பன் அங்கிள் வரலையா?" என்று அனுப்ரியா கேட்டாள். உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றேன். "வர மூஞ்சி வேணுமே" என்றான் மதன்.

அப்போது நான் எழுந்தேன். முப்பத்து நான்கு வருஷத்தில் சபாவில் நான் எழுந்து பேசியது அதுதான் முதல்முறை. ஒருவன் ஒரு வரி தவறாக எழுதிவிட்டால் அவன் வாசித்த ஆயிரம் பாட்டும் பொய்யாகிவிடுமா என்று கேட்டேன். பஞ்சவர்ணத்தின் முதல் மேடையில் அவள் அழுதபோது, அவள் குரலுக்காகக் காத்திருந்து அரை மணி நேரம் வெறும் ராகம் வாசித்தவர் யார் என்று கேட்டேன். நம்மில் தவறு செய்யாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். யாரும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. மோலி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மதன்தான் முதலில் பேசினான். "நானும் ஓவராப் போயிட்டேன் அங்கிள். அந்தக் கண்ணு மேட்டர் எழுதியிருக்கக் கூடாது. சாரின்னு சொல்லிடுங்க."

பஞ்சவர்ணம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொர்னேலியண்ணா, நான் மன்னிச்சுட்டேன்னு போய்ச் சொல்லுங்க. கௌதள்ளிக்கு அவரே வந்து வாசிக்கட்டும். நாலு கட்டையில வேணாலும் பாடறேன், மூணு கட்டையில வேணாலும் பாடறேன். அவர்கிட்ட இப்பவே சொல்லுங்க. இப்பவே போங்க."

எல்லோரும் கை தட்டினார்கள்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, சார். நானேதான் வந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். செவ்வாய்க்கிழமை பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. பார்வை குன்றிய முதியவர் தவறுதலாக இன்சுலினை இரண்டு முறை போட்டுக்கொண்டு இறந்தார் என்று. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். இரண்டு வருஷமாக அவருக்கு ஊசி போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். குழுவில் அன்றைக்கே கிசுகிசுக்கத் தொடங்கினார்கள்: பாவம் கொர்னேலியஸ், வயதாகிவிட்டது, அளவு தவறிப் போட்டிருப்பார், அவரிடம் யாரும் கேட்டு நோகடிக்காதீர்கள் என்று. முப்பத்தோரு வருஷத்தில் என் கையில் ஒருமுறைகூட அளவு தவறியதில்லை. அன்றைக்கும் தவறவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். கூடவே, 'மூன்றாம் மணி' என்பது நான்தான் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கூட்டம் முடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்து நேராக என்.ஆர். மொகல்லாவுக்குப் போனேன். மணி பன்னிரண்டேகால் இருக்கும். கதவைத் திறந்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் முழுக்க நனைந்திருந்தது. தானாகப் போட்டதால் பொத்தான்கள் ஒரு ஓட்டை மாறிப் போயிருந்தன. எல்லாவற்றையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன். ஒரு கை கட்டிலுக்கு வெளியே, டப்பா இருந்த இடத்தில் கிடந்தது. அதை எடுத்து மார்பின்மேல் வைத்தேன். பழக்கத்தில் நாடி பார்த்தேன்.

நாடி இருந்தது. மெலிவாக, ஆனால் ஒழுங்காக இருந்தது. மூச்சும் இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரி ஏழு நிமிஷம், நான் வந்த ஆட்டோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் முதல்முறையாக என்னால் அசையாமல் உட்கார முடிந்தது. அவர் காதருகே குனிந்து, பஞ்சவர்ணம் உங்களை மன்னித்துவிட்டாள், எல்லோரும் மன்னித்துவிட்டார்கள், கௌதள்ளியில் நீங்கள்தான் வாசிக்கப்போகிறீர்கள் என்று நிதானமாக, இரண்டு முறை சொன்னேன். மூச்சு நிற்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் கையை நான் விடவில்லை, ஏனென்றால் மனதில் ஒரு பாரத்தோடு அவர் போய்விடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.